மூலை கேபினில் சாய வாடை

நான் வேலை பார்க்கும் வில்லாபுரம் பிரவுசிங் சென்டருக்கு நேற்றும் வழக்கம்போல் கம்ப்யூட்டர் வகுப்புக்கு முன்னால் போனேன். செருப்பை வாசலில் விட்டு, ஊதுபத்தி ஏற்றி, கம்ப்யூட்டர்களை வரிசையாக ஆன் செய்தேன். மூலை கேபினைக் கடைசிக்கு வைத்தேன்.

அங்கேதான் இந்துப்ரியா உட்காருவாள். சாயப்பட்டறை வீட்டுப் பெண். விரலில் சிவப்புச் சாயம் எப்போதும் இருக்கும். நிச்சயமான மாப்பிள்ளை பெங்களூரில். தினமும் அவருக்கு மெயில் அனுப்புவாள்.

போன மாதம், பிரவுசரில் ஓட்டை இருப்பதாகப் பேப்பரில் வந்தது. அதன் வழியே யார் வேண்டுமானாலும் அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடலாமாம். முதலாளி வெங்கடேஷ்பாபு அண்ணன் அதை அடைக்கும் சிடியை வாங்கிவந்து, எல்லாவற்றிலும் ஏற்றச் சொன்னார். ஒவ்வொன்றாக ஏற்றி மூலைக்கு வந்தபோது அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. முடிச்சிட்டு எந்திரிச்சிர்றேன்."

எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் மறந்தேன். மறந்தேனா, சொன்ன பொய் தெரிந்துவிடும் என்று தள்ளிப்போட்டேனா, எனக்கே நிச்சயமில்லை.

அந்த வாரமே அவள் மெயிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு அசிங்கமான கடிதங்கள் போயின. கல்யாணம் நின்றது. தான் எழுதவில்லை என்று அவள் அழுததை யாரும் நம்பவில்லை. பட்டறைக் கிணற்றில் தவறி விழுந்து செத்தாள் என்றுதான் வெளியில் சொன்னார்கள்.

நேற்று அவள் தங்கை காவ்யஸ்ரீ வந்தாள். மூலை கேபினைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணே, இந்த மிஷின்ல யாராச்சும் அக்கா பாஸ்வேர்டை எடுத்திருக்க முடியுமா? அப்பா இன்னமும் அக்காவத்தான் வையிறாரு."

முதலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா. அம்புட்டுலயும் ஓட்டைய அடைச்சாச்சு" என்றேன்.

அவள் போய்விட்டாள். முதலாளி டீ குடிக்கப் போனார். நான் சிடியை எடுத்துக்கொண்டு மூலை கேபினுக்குள் நுழைந்தேன். வெளியே வெயில் இருந்தது, ஆட்டோ சத்தம் கேட்டது. உள்ளே மட்டும் ஈரச் சாயத்தின் வாடை.

சிடி சுழன்றது. திரையில் நீலக்கோடு பாதி வரை நகர்ந்தது.

நின்றது.

என் காதருகே யாரோ மூச்சுவிட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. சிடியை அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.

வகுப்பில் டியூப்லைட் வெளிச்சம், நிறையப் பையன்கள். என் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. கீபோர்டில் கை வைத்தேன்.

ஈரம்.

விரல் நுனியெல்லாம் சிவப்பு.

எங்கள் வகுப்புக் கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட்டே கிடையாது. ஆனாலும் திரையில் இந்துப்ரியாவின் மெயில் திறந்திருந்தது. புதுக் கடிதம். ஆங்கில எழுத்தில் 'அப்பா' என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே வெறுமை. மீதியை நான் எழுத வேண்டும் என்று கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்தேன். பிளக்கையும் பிடுங்கினேன்.

திரை இருண்டது.

கர்சர் மட்டும் அணையவில்லை.