தோளிலிருந்து தரை வரை

அந்தத் தெருவில் அவனுக்கு வேலையே இல்லை. மழைக்கு ஒதுங்கியவன்தான்.

தன் தையல் கடை வாசலில், தகரச் சார்ப்பின் அடியில் யாரோ ஒருத்தன் ஒடிந்த குடைக் கம்பியை நேராக்கிக்கொண்டிருப்பதை அவள் மெஷினில் இருந்தபடியே பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய ஈர முடி, காதில் செருகிய பேனா... அந்தக் கம்பி இந்த ஜென்மத்தில் நேராகாது என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவன்தான் உள்ளே எட்டிப் பார்த்தான். “ஏங்க, மெஷினையெல்லாம் இப்படி மேடை கட்டி ஏத்தி வச்சிருக்கீங்க?”

“தண்ணி வரும்ல.”

“இந்தத் தெருவுக்கா?” பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தான். “நான் வெள்ளத் தடுப்பு ஆபீஸ்லதான் இருக்கேன். பாருங்க, உங்க தெரு வெள்ளையா இருக்கு. நீலம் அடிச்ச இடத்துக்குத்தான் தண்ணி வரும்.”

“தண்ணிக்கு மேப் படிக்கத் தெரியலை போலிருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்க கழுத்தளவு நின்னுச்சு.”

காதிலிருந்த பேனா கைக்கு வந்தது. வீடு வீடாகப் போய்ப் பழைய வெள்ளத்தின் உயரத்தைக் கேட்டு எழுதுகிறவன், வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டான்.

“யார் கழுத்து?”

மெஷின் நின்றது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“மழை விட்டுருச்சு. கிளம்புங்க.”

மழை விடவில்லை. அவன் நனைந்துகொண்டே போனான். குடை வாசலிலேயே கிடந்தது.

அன்று அவளுக்குத் தையல் ஓடவில்லை. நூல் அறுந்துகொண்டே இருந்தது. யார் கழுத்து... அம்மாவின் கழுத்து. கிளம்பிவிடலாம் என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நம் தெரு மேப்பில் வெள்ளை, நமக்கு வராது என்றார் அப்பா. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், வழி தெரிந்தவர். மகளைப் பரணில் ஏற்றிவிட்டு அம்மா கீழே நின்றாள். பின்கதவு உடைந்தபோது தண்ணீர் அவள் கழுத்தில் இருந்தது. அந்த வேகத்தில் அம்மா போய்விட்டாள்.

அடுத்த மாதமே அப்பா சுவரில் இருந்த கறைமேல் பச்சைப் பெயின்ட் அடித்தார். அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

வியாழக்கிழமை காலை அவன் திரும்பி வந்தான்.

“குடையை விட்டுட்டுப் போயிட்டேன்.”

“இதுக்குப் பேர் குடையா?”

சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். “நேத்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பக்கத்துல சொன்னாங்க... மன்னிச்சிருங்க.”

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “அளவு எடுக்கறவங்க அதைத்தான் கேப்பாங்க. நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்.”

அந்தக் குரலில் தைரியம் வந்து அவன் விஷயத்தைச் சொன்னான். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குப் புது வரைபடத்தை இறுதியாக்கி மூடிவிடுவார்கள். மேலே அணை நிரம்பிக்கொண்டிருக்கிறது. வெள்ளைத் தெருவுக்கு எச்சரிக்கை வண்டி வராது, படகு வராது. நீலமாக்க ஐந்து இடத்து அளவு வேண்டும், இன்ச் கணக்கில்.

“விடியறதுக்குள்ள நாலு வீடு ஏறி இறங்கிட்டேன். எல்லாரும் சுவருக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. பேக்கரிக்காரர் இடுப்பளவுங்கறார், நர்ஸ் அக்கா தோளளவுங்கறாங்க. இதை எழுதிட்டுப் போனா ஆபீஸ்ல என்னைத் துரத்திவிடுவாங்க.”

“பேக்கரிக்காரர் இடுப்பா? முப்பத்தொன்பது.”

“என்னது?”

“தரையிலேர்ந்து முப்பத்தொன்பது இன்ச். பேன்ட் தைச்சிருக்கேன்.” அவள் எட்டி, கூரையோரம் ஆணியில் தொங்கிய தடித்த நோட்டை இறக்கினாள். “நர்ஸ் அக்கா கவுன் போடறவங்க. தோளிலேர்ந்து தரை வரைக்கும் ஐம்பத்து மூணு. நான் எல்லாருக்கும் தரை தொட்டுத்தான் எடுப்பேன்... இந்தத் தெரு மொத்தமும் இதுல இருக்கு.”

அவன் நோட்டைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

“நோட்டு இங்க இருக்கு, சார்.”

“தெரியுது, தெரியுது...”

நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்திருந்தான். அதில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு தரை உயரம், ஒரு தரை பள்ளம் என்ற குழப்பம் அதில் தீரும். ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம்.

“ஆடாதீங்க. நீங்க ஆடினா இங்க தண்ணி ஆடுது.”

“நான் ஆடலை. உங்க கைதான்.”

இருவர் கையும்தான். மழை முகத்தில் அடித்தது. இருபதடி தள்ளி நிற்கிறவனின் மூச்சு இந்த முனையில் தெரிவதுபோல் இருந்தது அவளுக்கு. இந்த நேரத்தில் போய் இது என்ன... தெருக்கோடி வாய்க்காலில் மூன்றாவது படி முங்கியிருந்தது. காலையில் அது வெளியே இருந்தது.

நான்கு அளவு முடிந்தது. நான்கும் ஒரே மட்டத்துக்கு, இரண்டு விரல் வித்தியாசத்தில் வந்து நின்றன. ஐந்தாவதுக்கு அவளே தன் வீட்டுப் பின்அறைக் கதவைத் திறந்தாள். அப்பா கட்டிலில் இருந்தார்.

“இந்த வீட்ல தண்ணி வரலை, தம்பி. அப்படியே எழுதிக்கோ.”

“அப்பா...”

“வரலைன்னா வரலை.”

அவள் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள். மூன்று வருஷமாக அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. “அம்மா,” என்று வாசித்தாள். “தோளிலிருந்து தரை வரை ஐம்பத்திரண்டு.”

அப்பா எழுந்தார். சுவரைப் பிடித்தபடி வந்து, கதவு நிலைக்கு ஒரு அடி இப்பால் நின்று, பாதத்தால் தரையைத் தொட்டுக் காட்டினார்.

“இங்கதான் நின்னா. நான்தான் போக வேண்டாம்னேன்... என்னைத் திட்டக்கூட இல்லை.” பிறகு கையை நீட்டினார். “அந்த முனையை என்கிட்ட குடு, நான் பிடிக்கறேன்.”

அவர் கையில் குழாய்த் தண்ணீர் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவன் அவசரப்படுத்தவில்லை.

வெள்ளி காலை, அளவை இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும் என்று வந்து போனான். அப்புறம் தகவல் இல்லை. ஐந்து மணி அடித்தது. ஆறு அடித்தது. கொடுத்தானா? ஏற்றுக்கொண்டார்களா? சனி காலை நான்காவது படியும் முங்கியது. அவள் நாலு தரம் வாய்க்காலுக்கும் கடைக்கும் நடந்தாள்.

மத்தியானம் ஒலிபெருக்கி கேட்டது. எச்சரிக்கை வண்டி முதல் முறையாக அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. தெருப் பேரைச் சொல்லி, எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னது. இந்தத் தடவை அப்பாதான் முதலில் செருப்பை மாட்டினார்.

வண்டிக்குப் பின்னால் அவன் நடந்து வந்தான். கையில் அதே ஒடிந்த குடை.

“நீங்களும் எங்ககூட மேட்டுக்கு வாங்க,” என்றாள்.

“இன்னும் நாலு தெரு பாக்கி. படகு வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.” தயங்கினான். “ஒண்ணு சொல்லணும். நேத்து சரிபார்க்கணும்னு வந்தேன்ல... சரிபார்க்க ஒண்ணுமே இல்லை. எல்லாம் முந்தின நாளே முடிஞ்சிருச்சு.”

“தெரியும்.”

“எப்படி?”

“குழாய்ல தண்ணியே ஊத்தாம வந்தீங்க.”

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அப்புறம் ஏன் அரை மணி நேரம் பிடிச்சிட்டு நின்னீங்க?” என்றான் மெல்ல.

அவள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள்.

“நேரா நில்லுங்க.”

அவன் தோளில் ஒரு முனையை வைத்து, மழைத் தண்ணீர் ஓடும் தரையில் மறுமுனையைத் தொட்டாள். ஐம்பத்தேழு. கடைக்குள் போய், அம்மாவின் அளவுக்குக் கீழே எழுதி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

“எனக்குச் சட்டையா?”

“இல்லை.” நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினாள். “தண்ணி எவ்வளவு ஏறினா நான் பயப்படணும்னு எனக்குத் தெரியணும்... உங்களுக்காக.”