கோபுரத்தின் சிவப்புப் பட்டை

நெடுங்கல்முனைக் கலங்கரை விளக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை. நாகர்கோவில் பேருந்து என்னை இறக்கிவிட்ட இடத்திலிருந்தே கோபுரம் தெரிந்தது. அடிமுதல் முடிவரை வெள்ளை. கட்டப்பட்ட காலத்தில் அது அவ்வாறு இருக்கவில்லை. என்னிடமிருந்த பழைய வரைபடத்தில், கோபுரத்தின் நடுவில் அகலமான சிவப்புப் பட்டை ஒன்று இருந்தது. சுவரைச் சுரண்டினேன். ஏழு பூச்சுகளுக்கு அடியில் அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது.

பழைய கட்டடங்களைச் சீரமைப்பது என் தொழில்; தொடக்கத்தில் இருந்த தோற்றத்தை மீட்டுத் தருவது என் பொறுப்பு. ‘ஏறக்குறைய’ என்ற சொல்லுக்கு என் பணியில் நான் இடம் கொடுத்ததில்லை.

வண்ணம் பூச அமர்த்தப்பட்டவர் ஆபேல். அதே ஊர் மீனவர். முழங்கால் பழுதானபின் கடலை விட்டுத் தூரிகையைப் பிடித்தவர். கோபுரத்தின் காலடியிலேயே அவர் வீடு. மூன்று நாளில் வெள்ளைப் பகுதியை முடித்தார். வியாழக்கிழமை காலை, சிவப்பு வாளியைத் திறக்கச் சொன்னதும் தயங்கினார்.

“ஒரு நாள் பொறுங்க, மேடம். எனக்க மகன் டெல்வின் திங்கட்கிழமை போனவன், இன்னும் கரை பிடிக்கல்ல. வள்ளம் வெளிய கெடக்கும்போ கணியத்த மாத்தப்படாது.”

கடலில் நின்று, கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்துத் தங்கள் துறையைக் கண்டுகொள்வது அவர்கள் வழக்கம். அதற்குப் பெயர் கணியம். இவ்வூருக்குக் கோபுரமும் அதன் பின்னால் சிலுவை நட்ட குருசடியும் கணியம்.

“ஜி.பி.எஸ். கருவி இல்லையா?” என்றேன்.

“இருக்கு. எனக்க பொண்டாட்டி மாதிரி. பேசவேண்டிய நேரத்துல பேசாது.”

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி குளோரி விடவில்லை. “நான் பேசுனா மட்டும் நீரு கேட்டுக் கிழிச்சிருவீராக்கும்!”

ஆபேல் சிரித்தார். உடனே சிரிப்பு அடங்கியது.

“நாப்பத்திரெண்டு வருஷத்துக்கு முந்தி, இந்தப் பட்டைய அழிச்சு வெள்ளையடிச்சாங்க, மேடம். அன்னைக்கு ஒரு பாய் வள்ளம் வெளிய கெடந்துது. நாலு பேரு. எனக்க அண்ணனும் உண்டு. இன்னும் வரல்ல.”

‘இறந்துவிட்டான்’ என்று அவர் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்தும், “வேலை நாளையோடு முடிய வேண்டும். பூசுங்கள்” என்றேன்.

நண்பகலில் பட்டை முடிந்தது. வரைபடத்தில் இருந்தவாறே, ஓர் அங்குலம் கூடாமல் குறையாமல்.

மூன்று மணிக்குக் கடலின்மேல் மூடல் எனும் மூடுபனி இறங்கியது. காற்று நின்றது. அலையோசை எங்கோ தொலைவுக்குப் போய்விட்டதுபோல் தேய்ந்தது. பிறகு ஒரு வாடை வந்தது. பழைய வள்ளங்களின் பலகைக்குப் பூசும் மீன்நெய்யின் வாடை. மூடலுக்குள் ஏதோ படபடத்தது.

பாய்மரத்தின் நனைந்த பாய்.

அந்தத் துறையில் இப்போது எவரும் பாய் கட்டுவதில்லை.

மணலில் ஒருவன் நடந்து வந்தான். இளைஞன், தலை குனிந்திருந்தது.

“எனக்க மகன் வந்துட்டான்!” குளோரி ஓடினாள். அவன் நிற்கவில்லை. எங்களைக் கடந்து வீட்டுக்குள் போனான். அவள் பின்னாலேயே போய், சற்று நேரத்தில் வெளியே வந்தாள்.

“சோறு வேண்டாங்கிற மாதிரி கையக் காட்டிட்டான். சுவரப் பாத்துப் படுத்துட்டான். மேலு ஐஸ் மாதிரி கெடக்கு.”

ஆபேல் அவளைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீரிலிருந்து மேட்டுவரை, வள்ளத்தை இழுத்தேற்றிய தடம் ஆழமாகக் கிடந்தது.

தடத்தின் முடிவில் வள்ளம் இல்லை.

அப்போது அவர் இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது.

“அப்பா... கேக்குதா? ஜி.பி.எஸ். செத்துப்போச்சு. மூடலுக்குள்ள ஒரு கோபுரம் தெரியுது. செவப்புப் பட்டை போட்டது. இது நம்ம துறை இல்ல. தெக்க திருப்புறோம்.”

டெல்வினின் குரல்.

தெற்கே முழுவதும் நீருக்கடியில் பாறைகள்.

“திருப்பாத, ஏலே! நம்ம கோபுரந்தான்!” ஆபேல் கத்தினார். கருவி இரைந்ததேயன்றிப் பதில் வரவில்லை.

குளோரி மெல்லக் கேட்டாள். “அப்போ உள்ள கெடக்கது ஆரு?”

“டெல்வின் ஆரு ஜாடைன்னு ஊரே சொல்லும்?” என்றார் ஆபேல்.

“உமக்க அண்ணன்...” அவள் முடிக்கவில்லை.

வெள்ளை வாளியை நானே எடுத்தேன். ஆபேல் தொங்குசாரத்தில் ஏற, மாடத்தில் நின்று நான் வாளிகளை இறக்கினேன். கடலைப் பார்த்த பக்கத்தை மட்டும் முதலில் மூடினோம். ஒரு பூச்சில் சிவப்பு அடங்கவில்லை. இரண்டாவது பூச்சின்போது, கீழே அந்த வீட்டில் ஓசை கேட்டது. கதவை உள்ளிருந்து ஒருவர் தட்டும் ஓசை. முதலில் மெதுவாக. பிறகு இரண்டு கைகளாலும்.

குனிந்து பார்த்தேன்.

கதவு திறந்தே கிடந்தது.

நாங்கள் நிறுத்தவில்லை. அந்தப் பக்கத்தின் கடைசிச் சிவப்பும் மறைந்த நொடியில் தட்டலும் நின்றது.

ஐந்தரை மணிக்கு மூடலைக் கிழித்துக்கொண்டு இயந்திர ஒலி வந்தது. டெல்வினும் உடன்போன மூவரும் கரையேறினார்கள். குளோரி மகனின் கைகளையும் கன்னத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது.

“என்னம்மா, மீன் வாங்க வந்தவ மாதிரித் தடவிப் பாக்கிய!” என்று அவன் சிரித்தான். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். உண்மையை அவனிடம் எவரும் சொல்லவில்லை.

ஆபேல் மட்டும் கோபுரத்தையே பார்த்து நின்றார். “எனக்க அண்ணன் வந்த கணியத்த நாம அழிச்சிட்டோம், மேடம்,” என்றார் தாழ்ந்த குரலில். “இனி எப்படிப் போவான்?”



சட்டை மாற்றப் போன டெல்வின், வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“அம்மா, எனக்க பாயில படுத்துக் கெடக்கது ஆரு?”

நாங்கள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். பாயில் எவரும் இல்லை. தலையணை மட்டும், தலை வைத்தாற்போல் சுவரோரமாகக் குழிந்திருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, அந்தக் குழிவு மெல்ல நகர்ந்து எங்கள் பக்கமாகத் திரும்பியது.