லாவண்யாவின் வளைவு

காலை ஏழு மணிக்கு வித்யாலட்சுமி ஆனேக்கல் சாலையிலிருந்த பழைய கேளிக்கைப் பூங்காவுக்குள் நுழைந்தபோது, பனி இன்னும் விலகியிருக்கவில்லை. ஈர மரத்தின் வாடையும் புதிய கிரீஸின் வாடையும் கலந்து வந்தன. நாற்பதாண்டு பழைய ரோலர் கோஸ்டரின் மரச் சட்டங்கள் அப்படியே நிற்க, அவற்றின் மேல் புதிய எஃகுத் தண்டவாளம் ஓடியது. நடுவே, ரயிலைத் தலைகீழாகப் புரட்டியெடுக்கும் ஒரு வளைவு. அந்தப் பழைய மரம் அதைத் தாங்கும் என்று முதலில் கணித்தவள் லாவண்யா.

இத்தகைய ரயில்களை வடிவமைக்கும் வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் ஐந்தாண்டுகளாக இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. வித்யாலட்சுமி பத்து முறை வரைந்து கிழித்ததை லாவண்யா ஒரே முறையில் வரைந்து முடிப்பாள். முடித்துவிட்டுச் சிரிக்கவும் செய்வாள். மழைக்காலக் காய்ச்சலில் அவள் இறந்த செய்தி வந்தபோது, வித்யாலட்சுமியின் நெஞ்சில் முதலில் எழுந்தது துக்கமன்று, நிம்மதி. மறுவாரமே வளைவின் வரைபடங்களில் இருந்த அவள் பெயரை நீக்கித் தன் பெயரை இட்டுவிட்டாள்.

"ஏறுங்க மேடம், சும்னே நின்னா ஆகாது," என்றார் மேற்பார்வையாளர் ரவி, கன்னடம் கலந்த தமிழில். "மணல் மூட்டைங்கள வச்சு மூணு தடவ ஓட்டியாச்சு. நம்ம பார்க்ல டிசைன் பண்ணவங்கதான் ஃபர்ஸ்ட் ஏறணும், அதுவும் தனியா. பயமா இருந்தா ஒரு மூட்டைய பக்கத்துல வச்சுக்கோங்க, பேசாம வரும்."

"ஒண்ணும் வேணாம் ரவிண்ணா."

முன்னிருக்கையில் அமர்ந்தாள். இரும்புத் தடுப்பு மடிமேல் இறங்கியது. சங்கிலி கடகடத்து ரயிலை மேலேற்றியது. அடியில் மரம் முனகியது.

உச்சியை அடைந்தபோது, காலியாக இருந்த பக்கத்து இருக்கையிலிருந்து ஆஸ்பத்திரி வாடை வீசியது.

ரயில் சரிந்தது. வளைவுக்குள் புரண்டது.

தலைகீழாக நின்றுவிட்டது.

காற்றில்லை. ஓசையில்லை. முடியைக் கட்டையாக வெட்டியிருந்த அவளுடைய கன்னத்தை யாருடைய நீண்ட கூந்தலோ உரசியது.

"யாரோடதுடி இந்த வளைவு?" காதோரம் ஒரு குரல் கேட்டது.

"உன்... உன்னோடதுதான் லாவண்யா."

ரயில் நகர்ந்தது.

மேடையில் இறங்கியதும் அவள் ரவியிடம் விரைந்தாள். "மேல நின்னுபோச்சே, ஏன் பாக்கல?"

"எங்க நின்னுச்சு? கரெக்டா ஒன்றரை நிமிஷம்," என்று ரவி சிரித்தார். "வாசல் பலகையில யார் பேரு போடறது மேடம்? பழைய பேப்பர்ல லாவண்யான்னு ஏதோ பாத்த ஞாபகம்."

அச்சம் அடங்குமுன்பே அந்தப் பழைய எரிச்சல் மூண்டெழுந்தது. செத்த பிறகுமா அவள் பெயர்?

"என் பேரு மட்டும்."

அவளுக்குப் பின்னால், அவள் விட்டெழுந்த இருக்கையின் மெத்தை மெல்ல அழுந்தியது.

தடுப்பு தானாக இறங்கியது.

ரவி எந்தப் பொத்தானையும் தொடவில்லை. ரயில் கிளம்பியது.

"அய்யோ, உள்ள யாருமே இல்லையே மேடம்!"

அவள் மேடையில் நின்றபடியே, தன் தொடைகளின்மேல் இரும்பின் குளிர்ச்சி இறுகுவதை உணர்ந்தாள். தொலைவில் சங்கிலி கடகடக்கத் தொடங்கியது.

ஒவ்வொரு கடகடப்புக்கும் அவளுடைய குதிகால்கள் தரையை விட்டுச் சிறிது சிறிதாக எழும்பின.