கரண்டுக் கம்மல்

அக்கா சொன்ன லாக்கர் எண் சரியாகத்தான் இருந்தது. நூற்றுப் பதினேழு. கைப்பிடி தளர்ந்திருக்கும், சற்றுத் தூக்கித்தான் திறக்க வேண்டும் என்றாள். அதுவும் சரி. ஆனால் அது தம்பி வேலை பார்த்த அச்சகத்து லாக்கர். அக்கா அந்த வாசலைக்கூட மிதித்ததில்லை.

நாம்தான் எப்போதாவது சொல்லியிருப்போம் என்று நினைத்தபடி தம்பி துணி மடித்தான். அவனுக்கு ஐம்பத்தாறு வயது, அக்காவுக்கு எழுபது. மூன்று வருஷமாக அவளைச் சாப்பிட வைத்து, தெருத்தெருவாகத் தேடிப் பிடித்து, ஒரே கேள்விக்கு நாற்பது தடவை பதில் சொல்லி ஓய்ந்தவனுக்கு ஆச்சரியப்படவும் தெம்பில்லை.

அக்காவின் மறதிக்கென்று அந்த மின்சாரப் பெட்டி வீட்டுக்கு வந்து ஐந்து வாரம். கொடுத்தவர் நினைவு மீட்பு நிலையத்து டாக்டர். அவர் பட்டங்களை ஒரு பலகை தாங்காமல் பக்கத்தில் இன்னொன்று அடித்திருந்தார்கள். காது மடலில் ஓடும் நரம்பு நேரே மூளைக்குப் போகிறதாம். அதில் மெல்லிய மின்சாரம் தட்டினால் தூங்கும் ஞாபகங்கள் எழுந்து உட்காருமாம். அவர் பேசிய ஐந்து நிமிஷத்தில் ‘புரட்சி’ ஏழு தடவை வந்தது. தம்பி பிழை திருத்துபவன். எண்ணாமல் இருக்க முடியாது. பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள், முனையில் ஈரப் பஞ்சு வைத்த கிளிப்புகள். ஒரே ஆளின் இரண்டு காதுக்கும் மாட்டி, தினமும் பிற்பகலில் அரை மணி நேரம்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இந்தக் கரண்டுக் கம்மலை நீ போட்டுக்கோ, அப்புறம் நான் போட்டுக்கறேன்.”

தம்பியின் சின்ன வயதில் விளக்கெண்ணெய்க்கும் இதே பஞ்சாயத்துதான். ஆளுக்குப் பாதி, இல்லையென்றால் டம்ளர் பறக்கும். ஆகவே ஒரு கிளிப்பு அவள் காதில், இன்னொன்று அவன் காதில். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் புரட்சியை முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

போன வாரம் டாக்டர் ஐந்து சொற்கள் கொடுத்து, பத்து நிமிஷம் கழித்துக் கேட்டார். அக்கா ஐந்தையும் ஒப்பித்தாள். அவர் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்து தம்பியும் சொல்லிப் பார்த்தான், இரண்டுதான் வந்தது. முப்பது வருஷமாக நடந்த தெரு முனையில் எந்தப் பக்கம் திரும்புவதென்று நின்றான். அக்காதான் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

“உனக்கு அசதிடா.”

அசதிதான்.

இப்போது அவள் ஒரு துண்டை உதறியபடி சொன்னாள். “அவ ஐஸ் கேட்டா.”

“யாருக்கா?”

“ஆஸ்பத்திரியில. உதடு காஞ்சுபோச்சு, ஐஸ் வேணும்னா. மூணு மாடி இறங்கி ஓடினேன். திரும்பி வந்தா, நர்ஸ் திரையை இழுத்துக்கிட்டு இருந்தா. ஐஸ் உருகி முழங்கை வரைக்கும் ஓடுச்சு.”

தம்பியின் மனைவி இறந்தது அப்படித்தான். சொந்தத்தில் அங்கே அவனைத் தவிர யாருமில்லை. யாரிடமும் அவன் சொன்னதுமில்லை. நாலு வருஷமாகத் தனக்கென்று வைத்திருந்த நாள் அது. அதைத் தேடினான். நடைபாதை இருந்தது. மாடிப்படி இருந்தது. அதற்குப் பிறகு, அச்சாகாத பக்கம்போல வெள்ளை. ஐஸின் குளிர்ச்சி அவன் கையில் இல்லை. அக்கா தன் முழங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் முகம் கழுவப் போனதும் பெட்டியை எடுத்தான். ஒளித்தான். ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து மிச்சத்தை எண்ணினான்: மனைவி கொண்டையில் பென்சில் செருகும் விதம், தும்மினால் இரட்டைத் தும்மல், பாதியில் கண்ணை மூடிக்கொள்ளும் சிரிப்பு. கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல அவற்றைப் பிடித்துக்கொண்டான். மின்விசிறி முனகியது. குழாய் சொட்டியது. உள்ளே ஸ்டூல் இழுபடும் சத்தம். காகிதக் கட்டு சரியும் சத்தம். பிறகு, கொசுபோல மெல்லிய ரீங்காரம்.

பெட்டியோடு அக்கா வந்தாள்.

“நான் எதை ஒளிச்சாலும் பழைய புரூஃப் கட்டுக்கு அடியிலதானே வைப்பேன்.”

“வேணாம்க்கா.”

“உட்காரு. எத்தனை நாள்தான் நீயே தூக்கிச் சுமப்பே?”

தோளில் அவள் கை. யாராவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று மூன்று வருஷம் ஏங்கியிருந்தான். எழ நினைத்தான். கால் வரவில்லை. ஈரப் பஞ்சு. காதில் எறும்பு ஊரல். சுவிட்ச் எட்டும் தூரத்தில்தான். எட்டவில்லை.

வெயில் சுவர் ஏறியது.

எதிரே ஒரு புகைப்படம். யாரோ ஒரு பெண். கண்ணைப் பாதி மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல சிரிப்பு.

“அது யாருங்க?” என்று பக்கத்திலிருந்த அம்மாளிடம் கேட்டான்.

அவள் முகம் கோணியது.

“என் பொண்டாட்டி.”

உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவனுக்குப் பாவமாக இருந்தது. மனைவியைப் பறிகொடுத்தவர்களிடம் என்ன சொல்வது? அவனுக்கு அதில் பழக்கமில்லை. மெல்ல முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் குமிழைத் திருகி ஓர் எண் கூட்டினாள்.

“ஆடாம இரு. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு.”

அவன் ஆடாமல் இருந்தான்.