மணி அடித்தபோது சைகோன் எங்கே இருந்தது?

பெயர் தனக்கொடி. வயது பத்து. இருப்பது பாகூருக்குப் பக்கத்தில் புளியங்குட்டை, குளத்துத் தெரு, கடைசிக் குடிசை.

இதை அவள் விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். கிணற்றடியில் சொன்னாள். முருங்கை மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு சொன்னாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டும் சொன்னாள்.

"அடியே, முழுங்கிட்டுப் பேசு," என்றாள் அம்மா கெங்கம்மாள்.

"நாளைக்கு மொதல்ல இதத்தான் கேப்பாங்களாம்மா. தப்பாச் சொல்லிட்டா?"

"உம் பேர நீயே தப்பாச் சொல்லுவியா?"

"பயத்துல சொல்லிட்டாலும் சொல்லிடுவேன்."

எதிரே முளையில் கட்டியிருந்த வெள்ளைக் கிடா ஒரு கவலையும் இல்லாமல் அசைபோட்டது. நாளைய வழக்கு என்னவோ அதன் மேல்தான்.

கிடாவின் பெயர் சைகோன். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஆண்ட காலம் அது. தனக்கொடியின் அப்பா வேலை தேடி, கடல் தாண்டி சைகோன் என்ற ஊருக்குக் கப்பல் ஏறினார். அன்றைக்குப் பிறந்த குட்டி என்பதால் அந்தப் பெயர். அதன்பிறகு அம்மாவும் மகளும் கடற்கரைக் குப்பத்தை விட்டுவிட்டு, கரும்பு வெட்டும் வேலைக்காகப் புளியங்குட்டைக்கு வந்தார்கள். சைகோனும் கூடவே நடந்து வந்தது.

வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்த வம்பு.

திங்கட்கிழமை காலை, கோயில் மணி அடித்த நேரத்தில், சிவப்பிரகாசத்தின் நாற்றங்காலை ஏதோ ஒன்று மேய்ந்துவிட்டது. சிவப்பிரகாசம் ஊரில் பெரிய நிலக்காரர். வெள்ளையாக ஒன்று ஓடியதைத் தன் கண்ணால் பார்த்தாராம்.

"மீன்காரங்க ஆடுதான்," என்று அவர் தெருவில் நின்று சத்தம் போட்டார். "அவங்களுக்கு வலையக் கட்டத் தெரியும். ஆட்டக் கட்டத் தெரியுமா? நாத்துக்கு ஈடா அந்தக் கிடாவக் குடுக்கட்டும். வெள்ளிக்கெழம பேரனுக்குக் காதுகுத்து. விருந்துக்கு ஆகும்."

'ஆகும்' என்றால் என்ன என்று தனக்கொடிக்குத் தெரியும். அதை நினைக்கும்போதெல்லாம் அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

சாப்பிட்ட கையோடு அவள் சிங்காரவேலுவைத் தேடி ஓடினாள். மாதம் ஒரு நாள் புதுச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்கார நீதிபதி வந்து ஊர்ச் சாவடியில் வழக்குக் கேட்பார். அவர் பிரெஞ்சில் பேசுவதைத் தமிழில் சொல்பவர் சிங்காரவேலுவின் அப்பா சாமிநாதன். அதனால் பதினோரு வயதிலேயே சிங்காரவேலு தன்னைப் பாதி நீதிபதி என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் கொய்யா மரத்தில் இருந்தான்.

"ஆட்ட வுட வைக்கிறதுக்கு ஏதாவது வழி கீதாடா?"

"அலிபின்னு ஒண்ணு கீது," என்றான் அவன், கொய்யாவைக் கடித்தபடி.

"இன்னாது அது?"

"லத்தீன். பழைய ரோமாபுரி பாஷை. இப்ப ஜட்ஜுங்களும் சர்ச் சாமியாருங்களும்தான் பேசுவாங்க."

"யாருமே பேசாத பாஷையில பேசினா யாருக்குப் புரியும்?"

"புரியக் கூடாதுன்னுதான் பேசறாங்கன்னு எங்கப்பா சொல்வாரு. கேளு. அலிபின்னா 'வேற எடத்துல'ன்னு அர்த்தம். குத்தம் இங்க நடக்கச் சொல்ல, அந்த ஆளு வேற எடத்துல இருந்தான்னு காட்டிட்டா போதும், வுட்ருவாங்க. ஒரே ஆளு ரெண்டு எடத்துல இருக்க முடியாதுல்ல?"

தனக்கொடி மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "ஆடும் இருக்க முடியாதுல்ல?"

"எந்த ஆடும் முடியாது."

"எந்த எடம்னு சொல்லணுமா?"

"பின்ன? சும்மா வேற எடம்னா ஆச்சா? எங்க இருந்துது, எப்ப இருந்துது, யார் பாத்தாங்க, எல்லாம் சொல்லணும்."

"நான் பாத்தேன்."

சிங்காரவேலு உதட்டைப் பிதுக்கினான். "நீ ஆட்டுக்காரி. அதுவும் ஒத்த ஆளு. தெஸ்திஸ் ஊனுஸ், தெஸ்திஸ் நூலுஸ்."

"திட்டுறியா?"

"இல்லடி. ஒத்த சாட்சி சாட்சியே இல்லன்னு அர்த்தம். ரெண்டு பேராவது பாத்திருக்கணும்."

ரெண்டு பேர்தான் பார்த்தோம் என்று அவள் வாய்வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடிகாலை சைகோன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனது உண்மை. அவள் தேடிக்கொண்டு போனபோது அது சாவடிச் சுவரோரம் நின்றது. ஏரித் தண்ணீர் எந்தெந்த நாள் யாருக்கு என்று சொல்லும் அரசாங்க அறிவிப்பு, முதல் நாள்தான் அங்கே ஒட்டப்பட்டிருந்தது. அதில் பாதி சுவரில் இருந்தது. மீதி சைகோனின் வாயில் இருந்தது. சரியாக அப்போதுதான் கோயில் மணி அடித்தது.

உள்ளேயிருந்து சாவடிச் சேவகர் சம்மந்தம் ஓடி வந்தார். ஒரு முனையை அவர் இழுக்க, மறுமுனையை ஆடு இழுக்க, அரசாங்க முத்திரை ஆட்டின் வயிற்றுக்குள் போனது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பசையில மயில்துத்தம் கலக்க மறந்துட்டேன் பாப்பா. கலந்திருந்தா கசப்புக்கு எந்த ஆடும் கிட்ட வராது. வெறும் அரிசிமாவுக் கஞ்சி, அதான் துன்னுட்டுது. போன தபாவே எச்சரிக்கை குடுத்துட்டாங்க. இது தெரிஞ்சா இந்தச் செவப்புக் கச்சய அவுத்து வாங்கிக்கிட்டு வேலய வுட்டு அனுப்பிடுவாங்க. யாருகிட்டயும் சொல்லாத."

"சொல்லமாட்டேன் மாமா," என்று தனக்கொடி அவர் கையில் அடித்துக் கொடுத்தாள். அவர் பெட்டியிலிருந்த இன்னொரு தாளை எடுத்து அதே இடத்தில் ஒட்டிவிட்டார்.

"ஏன்டா," என்றாள் இப்போது, மரத்தைப் பார்க்காமலே. "சாவடிச் சொவத்துல நோட்டீசு எதுக்கு ஒட்றாங்க?"

"நெமோ சென்செத்தூர் இக்னொராரே லேஜெம்," என்றான் சிங்காரவேலு ஒரே மூச்சில். "சட்டம் எனக்குத் தெரியாதுன்னு சொல்லி யாரும் தப்பிச்சுக்க முடியாது. தெரிஞ்சுக்கோன்னுதான் எல்லார் கண்ணுலயும் படறாப்பல ஒட்றாங்க. அதக் கிழிச்சா அவ்ளோதான். ஏன் கேட்ட?"

"சும்மாதான்."

அவன் மரத்திலிருந்து இறங்குவதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

சாவடிக்குப் பின்னால் சம்மந்தம் சின்னச் சட்டியில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கரண்டி நின்றது.

"மாமா, ரெண்டு சாட்சி வேணுமாம்."

சட்டியில் பசை கொப்பளித்தது.

"நீங்க உடனே வேற ஒட்டிட்டீங்கல்ல? சொவரு காலியா இல்லியே. அதச் சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"ஒனக்கு அவங்களத் தெரியாது பாப்பா," என்றார் சம்மந்தம், சட்டியைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு வேற வேல தெரியாது. எம் பொண்ணுக்கு வர்ற மாசம் கண்ணாலம்."

தனக்கொடி ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றாள். சைகோனின் தாடி ஞாபகம் வந்தது. அது ராத்திரியில் அவள் பாயோரம் வந்து தலையை வைத்துக்கொள்வது ஞாபகம் வந்தது.

"நான் கையடிச்சுக் குடுத்துட்டேன் மாமா," என்றாள் கடைசியில். "சொல்லமாட்டேன்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் சாவடி நிறையக் கூட்டம். நீதிபதி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தபடி இருந்தார். பக்கத்தில் சாமிநாதன். வாசலில் சிவப்புக் கச்சையோடு சம்மந்தம். சன்னல் கம்பிக்கு வெளியே சிங்காரவேலுவின் மூக்கு மட்டும் தெரிந்தது.

நீதிபதி கேட்டார். சாமிநாதன் தமிழில் சொன்னார். "பேரு?"

"சைகோன்," என்றாள் தனக்கொடி.

"வயசு?"

"ரெண்டு."

சாவடியே சிரித்தது. "ஆட்டோட பேரக் கேக்கலம்மா, உம் பேரு," என்றார் சாமிநாதன். நீதிபதிக்குச் சிரிப்பின் காரணம் சொல்லப்பட்டது. அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது.

அவள் மறுபடி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். சிவப்பிரகாசம் எழுந்து தன் நாற்றங்கால் கதையைக் கைகளை வீசிச் சொன்னார். பிறகு சாமிநாதன் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. உன் ஆடுதானே மேஞ்சது?"

"இல்லிங்க. ஆட்டுக்கு அலிபி கீதுங்க."

சாமிநாதன் வாயைத் திறந்தபடி நின்றார். அதை மட்டும் அவர் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நீதிபதி கைக்குட்டையைக் கீழே வைத்தார். சன்னலில் இருந்த மூக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது.

"எங்கே இருந்ததாம்?"

"மணி அடிக்கச் சொல்ல, இதே சாவடி வெளிச் சொவராண்ட இருந்துதுங்க."

"அங்க என்ன செஞ்சுது?"

"அதச் சொல்ல முடியாதுங்க. வாக்குக் குடுத்திருக்கேன்."

"பாத்தியா கதய," என்றார் சிவப்பிரகாசம். "சொவரோட ஆடு பேசிக்கிட்டு இருந்திருக்கும்."

மறுபடியும் சிரிப்பு. நீதிபதி விரலைத் தூக்கினார், சத்தம் நின்றது. "யார் பாத்தாங்க?"

"நான் பாத்தேங்க."

"வேற யாரு?"

வாசல் தனக்கொடிக்கு வலப்பக்கம் இருந்தது. கொஞ்சம் தலையைத் திருப்பினால் போதும், எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துவிடுவார்கள். அவள் கழுத்தை விறைத்துக்கொண்டு தன் கால் விரல்களையே பார்த்தாள். பெருவிரல் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தது.

"வேற யாருன்னு கேக்கறாங்க பாரு," என்றார் சாமிநாதன் மெதுவாக.

அவள் கால் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.

நீதிபதி பெருமூச்சு விட்டார். "தெஸ்திஸ் ஊனுஸ், தெஸ்திஸ் நூலுஸ்," என்று சொல்லிப் பேனாவை எடுத்தார். அதன் அர்த்தம் தனக்கொடிக்குத் தெரியும். வெளியே சைகோன் ஒரு தடவை கத்தியது. அப்போதும் அவள் வலப்பக்கம் திரும்பவில்லை.

"எஜமான்."

வாசலிலிருந்து வந்த குரல் கரகரத்தது.

"ரெண்டாவது சாட்சி நானுங்க," என்றார் சம்மந்தம். "அந்தப் பொண்ணு இந்தப் பக்கம் ஒரு தபா திரும்பியிருந்தாக்கூட நான் தலய குனிஞ்சிருப்பேன். அது திரும்பவே இல்ல. அப்புறம் எப்படிங்க நான் சும்மா நிக்கறது?"

எல்லாவற்றையும் சொன்னார். மயில்துத்தத்தை மறந்ததையும் சொன்னார். நீதிபதியையும் கூட்டத்தையும் வெளியே அழைத்துப்போய் அறிவிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் பழைய தாளின் துண்டு ஒட்டியிருந்தது. அதில் ஆட்டின் பல் பட்ட இடம், அப்பளம் கடித்தாற்போலத் தெரிந்தது.

"அப்ப நீங்க பாத்தது எந்த ஆடு?" என்று எல்லாரும் உள்ளே திரும்பியதும் சாமிநாதன் சிவப்பிரகாசத்தைக் கேட்டார்.

"பனியில சரியா... வெள்ளையா ஏதோ ஒண்ணு."

அவருடைய பண்ணையாள் ஆதிமூலம் பலமாக இருமினார். மறுபடியும் இருமினார். "நம்ம வூட்டு வெள்ளக் கன்னுக்குட்டியும் அன்னிக்குக் கட்டுத்தறில இல்லிங்களே," என்றார் மேலே உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு.

சிவப்பிரகாசம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். 

நீதிபதி கொஞ்ச நேரம் வாசல் வழியாக வெளியே நின்ற ஆட்டையே பார்த்தார். ஆடும் அவரைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் தாடி ஒரே மாதிரி இருந்தது. பிறகு அவர் நீளமாக ஏதோ சொன்னார். சாமிநாதன் தமிழில் சொல்வதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஆட்ட வுட்டாச்சு. சம்மந்தத்துக்கு வேலை போகல, இனிமே மயில்துத்தத்த மறக்கக் கூடாது. ஆனா சட்டம் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல? இந்த ஊர்லயே சட்டத்த முழுசா உள்ள வாங்கிக்கிட்டது இந்த ஆடு ஒண்ணுதானாம். அதனால மத்தவங்களவிட அது ஒழுங்கா நடந்துக்கணுமாம். நல்லாக் கட்டி வைக்கச் சொல்றாரு."

"நெமோ சென்செத்தூர்," என்று சன்னலிலிருந்து ஒரு குரல் ஆரம்பித்தது. சாமிநாதன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மூக்கு மறைந்தது.

சாயங்காலம் சம்மந்தம் புதுத் தாள் ஒட்டினார். பசை இந்த முறை மயில்துத்தம் கலந்து நல்ல நீலம். தனக்கொடி சட்டியைப் பிடித்துக்கொண்டாள். சைகோன் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

அவர் உள்ளே போனதும் அவள் அடுப்புக்கரியை எடுத்தாள். அறிவிப்புக்குக் கீழே சுவரில், ஓர் எழுத்தும் தப்பாமல் நிதானமாக எழுதினாள்:

'பெயர் தனக்கொடி. வயது பத்து. குளத்துத் தெரு, கடைசிக் குடிசை. இதைப் படிக்கிறவர்கள் படித்து முடித்ததும் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அங்கே வெள்ளை ஆடு நின்றால் என்னைக் கூப்பிடுங்கள்.'