வால் விளக்கு இல்லாத ரயில்

சரக்கு ரயில் போய்விட்டது. கடவை மணி ஓய்ந்து, தடுப்புக் கம்பமும் மேலே எழும்பிவிட்டது. தண்டவாளம் மட்டும் இன்னும் முனகிக்கொண்டிருந்தது.

பிரசாந்தினி கம்பத்தடியை விட்டு அசையவில்லை. வேலை விட்டு வீடு திரும்புகிற நேரம்தான் என்றாலும் நவம்பர் இருட்டு முந்திக்கொண்டு வந்திருந்தது. சுவிஸின் துன் ஏரிப் பக்கமிருந்து ஏறிய பனிப்புகார் வயலையும் வேலியையும் விழுங்கிவிட்டு, கடவையின் ஒற்றை விளக்கைச் சுற்றி நின்றது. எங்கேயோ மேய்கிற மாடுகளின் கழுத்துமணிச் சத்தம் கேட்டது. எருவின் மணத்தோடு சூடான இரும்பின் மணமும் மூக்கில் ஏறியது. போனது ஒரு எஞ்சின், அதன் பின்னால் ஒரேயொரு பெட்டி. அந்தப் பெட்டியின் முதுகில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு இல்லை.

வசந்த காலத்திலிருந்து அவள் காத்திருந்த ரயில் இதுதான்.

அவள் தம்பி ஜதுஷனுக்கு ரயில் பைத்தியம். மற்றப் பொடியள் கோத்தார்ட் மலைப்பாதைப் பக்கம் போய் மைல் நீளச் சரக்கு ரயில்களைப் படமெடுப்பார்கள். இவன் குட்டையானவற்றைத் தேடி அலைந்தான். ஒரு எஞ்சினும் ஒரு பெட்டியுமாக ஒன்று அகப்பட்டால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு தேவையில்லை. ஒரு கத்தரிக்காயை ஏற்றிக்கொண்டு லொறி வந்த மாதிரி என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவளுக்கும் ரயில் பார்க்கப் பழக்கியவன் அவன்தான். "அக்கா, கடைசியா வால் லைற்றைப் பார்க்கவேணும். அது இருந்தாத்தான் ரெயில் முழுசா வந்திட்டுது எண்டு அர்த்தம். இல்லாட்டி மிச்சம் எங்கயோ பின்னால நிக்குது."

போன வசந்த காலத்தில் இந்தக் கடவையில்தான் அவன் செத்தான். அந்த நேரம் அவளோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஒரே ஒரு பெட்டி! இண்டைக்குத்தான் பிடிச்சன்." சிரித்தான். கல்லுகளில் அவன் சப்பாத்து நெரிபடுவது கேட்டது. "ஆனா வால் லைற்றைத்தான் காணேல்லை…"

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அன்று அந்தப் பாதையில் சரக்கு ரயில் எதுவும் ஓடவில்லை என்றார்கள் பொலிஸ்காரர்கள். கோப்பி ஊற்றித் தந்து, பணிவாகக் கதைத்து, இளம் பையன், ஏதோ பயணிகள் ரயிலின் முன்னால் குதித்திருப்பான், நீங்கள்தான் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அப்பாவைத்தான். அவர் அந்தக் கதையை அப்படியே வாங்கிக்கொண்டார். கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் மகனுக்கு ஹார்ட் அற்றாக் என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அப்பா ஒரு பொய்யை வைத்து மூடப் பார்த்தார்.

தண்டவாளத்தின் முனகல் உரத்தது. மாட்டு மணிகள் நின்றன. வயல், காற்று, அவளுடைய மூச்சு, எல்லாவற்றின் சத்தமும் ஒரேயடியாக அணைந்துபோனது.

பிறகு குளிர் வந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு சுவர் அளவு குளிர் அவள் முகத்துக்கு நேரே கடந்துபோனது. ஓர் இடைவெளி. மறுபடி ஒரு சுவர். மறுபடி இடைவெளி. எழும்பி நின்ற தடுப்புக் கம்பத்தின் நுனி ஒவ்வொரு தடவையும் துடித்தது.

மிச்சப் பெட்டிகள்.

தம்பி குதிக்கவில்லை. ரயில் போய்விட்டது, கம்பம் எழும்பிவிட்டது என்று நம்பி நடந்திருக்கிறான். அவள் வீட்டுக்கு ஓடினாள். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

வீட்டில் அப்பா யோகராஜா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துன்னில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அன்றும் மறுநாளும் அவருக்கு லீவு. அவள் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இன்னும் அந்த விசர்க் கதையோ?" என்றார் அப்பா.

"விசர் இல்லை அப்பா. நான் பார்த்தனான். தம்பி குதிக்கேல்லை."

"அண்டைக்குச் சரக்கு ரெயில் ஓடேல்லை எண்டு அவங்களே சொல்லிப்போட்டாங்கள்."

"அவங்கள் சொன்னதை நம்புறியள். பெத்த பிள்ளையை நம்பேல்லை. வெக்கப்பட்டுத்தானே ஹார்ட் அற்றாக் எண்டனீங்கள்?"

அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். அம்மா தனலட்சுமி குசினிக்குள் பைப்பைத் திறந்துவிட்டாள். அழுவது வெளியே கேட்கக்கூடாது என்றால் அவள் செய்வது அதைத்தான்.

"நாளைக்கு நானே வாறன்," என்றார் அப்பா. "அந்தக் கடவையில நடந்து காட்டிறன். அதோட இந்தக் கதை முடியவேணும்."

வேண்டாம் என்று அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். கோபம் விடவில்லை.

"வாங்கோ," என்றாள். "வந்து உங்கட கண்ணாலயே பாருங்கோ."

மறுநாள் புகார் இன்னும் தடிப்பாக இருந்தது. இருவரும் கம்பத்தடியில் நின்றார்கள். அப்பாவின் ஜக்கெற்றில் ஹோட்டல் எண்ணெய் மணத்தது. மாட்டு மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தன. அவள் அவற்றை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தாள். கடவை மணி அடித்தது, கம்பம் இறங்கியது, எஞ்சினின் வெளிச்சம் புகாரை மஞ்சளாக்கிக்கொண்டு வந்து அவர்களைக் கடந்தது. பின்னால் ஒரு பெட்டி. அதன் முதுகு இருட்டு.

கம்பம் எழும்பியது.

"பார், ரெயில் போயிட்டுது. கேற் திறந்திட்டுது," என்றார் அப்பா.

"அப்பா, வால் லைற் இல்லை. நில்லுங்கோ." அவள் அவருடைய கையைப் பிடித்தாள்.

அவர் உதறினார். ஃபோன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, தண்டவாளத்தின் நடுவில் திரும்பி, அவளைப் பார்த்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"இந்தா நிக்கிறன். எங்க உன்ர மிச்ச ரெயில்? செத்தவனை வைச்சு இன்னும் எத்தினை நாளைக்கு எங்களை…"

மாட்டு மணிகள் நின்றன.

அப்பாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் இல்லை. அவள் ஓடினாள். கால் கல்லில் இடறியது. நிமிர்ந்தாள்.

அப்பா நின்ற இடத்தில் ஒரு பலகைச் சுவர். ஈரமானது. துருப்பிடித்தது. அது போய்க்கொண்டிருந்தது. இன்னொரு சுவர். இன்னொன்று. எஞ்சின் இல்லை. இழுப்பதற்கு எதுவும் இல்லை. கீழே, சக்கரங்களுக்கு நடுவில், ஃபோன் வெளிச்சம் ஒருதரம் மினுங்கியது. அணைந்தது.

கடைசிப் பெட்டி கடவையைத் தாண்டிப் போய் நின்றது. மெல்ல மெல்ல மணிகள் திரும்பின. தண்டவாளத்தில் ஒன்றும் கிடக்கவில்லை. ஒரு சப்பாத்துக்கூட இல்லை.

அவள் பெட்டியின் முதுகைப் பார்த்தாள். அதன் படியில் இருவர் நின்றார்கள். ஜதுஷன் ஃபோனைக் காதில் வைத்துச் சிரித்தபடி. பக்கத்தில் அப்பா, அதே சிவந்த முகத்தோடு அவளை ஏசிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நடுவில் விளக்கு மாட்டுகிற கொக்கி.

வெறும் கொக்கி.

இதுவும் வால் இல்லை. இன்னும் மிச்சம் இருக்கிறது.

அவளுடைய ஃபோன் அதிர்ந்தது. எடுத்தாள்.

"பிள்ளை," என்றாள் அம்மா. "அப்பா கோவத்தோட வெளிக்கிட்டவர், எனக்கு வீட்டில இருக்கப் பிடிக்கேல்லை. பஸ்ஸால இறங்கிக் கடவைக்கு மற்றப் பக்கம் வந்திட்டன். கேற் திறந்துதான் கிடக்கு. ரெயில் போயிட்டுதெல்லோ?"

தண்டவாளம் முனகத் தொடங்கியது.

"அம்மா…"

மாட்டு மணிகள் நின்றன.

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவளுக்கே கேட்கவில்லை. எதிரே புகாருக்குள்ளிருந்து அம்மாவின் குடை வெளியே வந்தது, தண்டவாளத்தின் மேல் ஏறியது, நடுவில் நின்றது. குடையைச் சற்று உயர்த்தி, அம்மா அவளைத் தேடினாள்.