பாதை காலி

கம்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள் செல்வலட்சுமி. ஆயினும் திரையில் 'பாதை காலி' என்ற பச்சை எழுத்து மறையவில்லை.

யூக்கலிப்டஸ் காட்டின் குறுக்குப்பாதையில் யானையின் உடற்சூட்டை அறியும் கருவிகள் நிற்கின்றன. அவற்றின் செய்தி எஸ்டேட் அலுவலகத்தை எட்டுவது அந்த ஒரே கம்பியின் வழியாகத்தான். செய்தி நின்றால் திரை சிவக்க வேண்டும், பாதைமுகப்பில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் கைபேசிகள் ஒலிக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை. கேரளத்துச் சூரியநெல்லியின் மாலைப்பனி ஜன்னல் இடுக்கில் கசிந்து, ஈரச்சாக்கின் வாடையையும் தொழிற்சாலையின் வறுபட்ட இலை மணத்தையும் அறைக்குள் கொண்டுவந்து நிறைத்தது. கீழே தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் குரைத்துக்கொண்டிருந்த நாய், பாதிக் குரைப்பில் அடங்கியது.

சூப்பர்வைசர் ஈஸ்வரன் வாசலில் குடையை உதறினார்.

"என்ன புள்ள, பரீட்சை முடிஞ்சுதா? பாஸா, பெயிலா? நாளைக்கு மூணு டிவிசனுக்கும் போட்டாகணும்னு மேனேசர் ஒத்தக்கால்ல நிக்காரு."

"இன்னும் பாக்கணும்ண்ணே."

"காலையில நல்லாருக்குன்ன? ஊரு உலகமே இதத்தான் போட்டிருக்குன்னு பெருமையாச் சொன்ன?"

சிரித்துக்கொண்டே அவர் பனிக்குள் இறங்கிப் போனார்.

சொன்னாள்தான். யாரும் எடுத்தாளலாம், யாரும் திறந்து பார்க்கலாம் என்று உலகின் முன் விரித்து வைக்கப்பட்ட திறமூல மென்பொருள் தொகுப்பு அது; கருவிகளின் செய்தியைப் படித்து எச்சரிக்கை அனுப்புவது அதன் வேலை. ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டாள், அதன் புதிய பதிப்பை நேற்று ஏற்றினாள். யாரும் பார்க்கலாம் என்பது உண்மை. யார் பார்த்தார்கள்? முன்னே போனவன் தலையாட்டியதைக் கண்டு பின்னே வந்தவனும் தலையாட்டுவதற்குப் பெயர் அறிவா? கேள்வி கேட்கவே படித்தவள், கேளாமலே கைகூப்பியிருந்தாள்.

இப்போது கேட்டாள்; அந்தத் தொகுப்பின் வரலாற்றைத் தேடிப் படித்தாள். தொகுப்பை எழுதியவர் களைத்துப்போய், சாவியை ஒரு புதியவரிடம் ஒப்படைத்திருந்தார். புதியவருக்கு முகமில்லை, ஊரில்லை. பணிவு மட்டும் இருந்தது. குறை சொன்ன ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லியிருந்தார். பொதுவில் வைத்திருந்த நிரலில் குற்றமில்லை. ஆனால் அவளுடைய கணினியில் வந்து இறங்கியிருந்ததில் அந்த நிரல் மட்டும் இல்லை. கூடுதலாக ஒரு துண்டு இருந்தது. தன்னை எவரேனும் சோதிக்கிறார்களா என்று அது முதலில் பார்க்கும். சோதித்தால் ஒழுங்காக நடக்கும். காலையில் சோதனை நிரலை ஓட்டியபோது அது நல்லபிள்ளையாக நின்றது அதனால்தான். இன்று மாலை அவள் கையாலேயே கம்பியைப் பிடுங்குவாள் என்று அது எதிர்பார்க்கவில்லை.

யாரும் பார்க்காதபோது அது என்ன செய்யும்?

ஜன்னலுக்கு அப்பால், மேட்டின் உச்சியில், கைபேசி வெளிச்சங்கள் வரிசையாகத் தோன்றின. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் இறங்குகிறார்கள். முன்னால் வருபவள் அவளுடைய அம்மா அழகுத்தாய். விளக்கு எரிந்தால் ரோட்டைச் சுற்றி வருவார்கள். எரியாவிட்டால் குறுக்குப்பாதைதான்.

விளக்கு எரியவில்லை.

கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. அம்மாவைக் கைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, நில்லு! காட்டுக்குள்ள எறங்காத!"

"என்னடி வெளையாட்டு? இப்பத்தான வரச்சொல்லிக் கூப்பிட்ட."

"நான் கூப்பிடல."

"உம் பேருதான் வந்துச்சு. உங்கொரலு எனக்குத் தெரியாதா? பாதை காலி, வாங்கன்னியே. இவளுகளுக்கும் அதேதான் வந்துச்சு."

முன்பெல்லாம் எச்சரிக்கை மலையாளத்தில், யாரோ ஓர் ஆணின் குரலில் வரும். பெண்கள் எடுத்த கையோடு துண்டித்துவிடுவார்கள். நம்ம புள்ள சொன்னாத்தான் கேப்போம் என்றார்கள். அதனால் செல்வலட்சுமி தன் குரலையே பதிந்து, எச்சரிக்கை வரும் எண்ணைத் தன் பெயரிலேயே எல்லோர் கைபேசியிலும் ஏற்றிக் கொடுத்தாள். பதிந்தது ஒரே வாக்கியம்: ஆனை நிக்குது, வராதீங்க.

வாங்க என்று அவள் ஒருநாளும் பதியவில்லை.

"அம்மா, அது நானில்ல. திரும்பி ரோட்டுக்குப் போ. எல்லாரையும் கூட்டிட்டுப் போ!"

"இந்தப் பதட்டம் எதுக்கு? சரி, நிக்கோம். ஏ, நில்லுங்கடி எல்லாரும்!"

வெளிச்சங்கள் நின்றன.

"இரு புள்ள," என்றாள் அம்மா. "இன்னொரு கால் வருது." கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். "உம் பேருதான் வருது."

"எடுக்காத!"

அழைப்பு அறுந்தது. மீண்டும் அழைத்தாள். வேறோர் அழைப்பில் இருந்தாள் அம்மா.

கணினி செத்துக் கிடந்தது. ஆனாலும் அழைப்பு போகிறது; அது இந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கவில்லை. கம்பி இரண்டும் தரையில். அறையில் ஓசையில்லை.

ஜன்னலைத் திறந்தாள். பனி முகத்தில் அறைந்தது. மேட்டிலிருந்து, ஒன்றல்ல, எல்லாக் கைபேசிகளின் ஒலிபெருக்கியிலிருந்தும், ஒரே நேரத்தில், ஒரே குரல். அவள் குரல். சிரிப்போடு. பாசத்தோடு.

"சும்மா சொன்னேம்மா. பாதை காலி. வாங்க."

"வராதீங்க!" என்று அலறினாள். பனிக்குள் இரண்டு குரலும் ஒன்றாகவே கேட்டன.

வெளிச்சங்கள் அசைந்தன. ஒன்று காட்டுக்குள் இறங்கியது. அடுத்தது. அடுத்தது. கடைசி வெளிச்சத்துக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே, மரமல்லாத ஒரு கறுப்பு மெல்லக் காதை அசைத்தது.

சிவப்பு விளக்கு எரியவில்லை.